மாதம்மாளும் இங்கிலீஷ் பாட்டும்

அந்தக் காலத்தில் மலைமேல் இருக்கிற புதூர்நாட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவன் ஜீப் ஓட்டுகிற தாண்டவராயன். அவனுக்கு பிரேக், கிளட்ச், பஞ்சர் என்று மூன்று வார்த்தை தெரியும். அதில் பிரேக் அவன் வாயில் மட்டும்தான் உண்டு, ஜீப்பில் கிடையாது. இன்னொருத்தி மாதம்மாள். அவளுக்கு நூறு தாண்டவராயன் அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் பரீட்சைப் பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், தெரிந்ததெல்லாம் காட்டு முயல் மாதிரி ஆளுக்கொரு புதரில் ஓடி ஒளிந்துகொள்ளும்.

பத்தாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். இங்கிலீஷ் ஒன்று மட்டும் போய்விட்டது. மறுபடி எழுதினாள், மறுபடியும் போனது. சரி கழுதை போகட்டும் என்று கல்யாணம் பண்ணிக்கொண்டாள். புருஷன் அருணகிரி நல்லவன். பேசிப் பேசியே கல்லைச் சிரிக்க வைப்பான். மாமியார் கன்னியம்மாள் அதற்கு நேர்மாறு. அந்தம்மா சிரித்ததைப் பார்த்தவர்கள் மலையில் யாரும் உயிரோடு இல்லை என்பார்கள்.

ஒரு பிள்ளை பிறந்தது. குலசாமி பெயரையே வைத்தார்கள், வேடியப்பன் என்று. வீட்டில் வேடி. நடை பழகிய வயதில், அடைமழை நாளில், வாந்தியும் பேதியும் கண்டது. மலையில் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி மலை இறங்கியதும், பொழுது சாய்கிற நேரத்தில், டோலியைக் கீழே வைத்தார்கள். அதற்குமேல் இறங்குவதற்கு வேலை இருக்கவில்லை.

நர்ஸ் வந்தது அடுத்த வருஷம். பெயர் சகுந்தலா, கீழே கணியம்பாடிப் பக்கம். மாதம்மாளைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். பஸ்ஸைக் காணோம், கரண்டைக் காணோம், பேச ஆளைக் காணோம் என்று முதல் மாதம் முழுக்க அழுதாள். ஊசி மருந்தைவிட அவள் கண்ணீர்தான் அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அதிகம் செலவானது. பேச ஆள் வேண்டும் என்றுதான் மாதம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

அவள்தான் ஒருநாள் சொன்னாள். "மலையில பொறந்த பொண்ணுங்களுக்கு நர்ஸ் ட்ரெய்னிங்ல எடம் ஒதுக்கி வெச்சிருக்காங்க மாதம்மா. பத்தாவது பாஸ் மட்டும் இருந்தா போதும். நீ இங்கிலீஷ எழுதி எடுத்துடு."

மாதம்மாள் மலை இறங்குகிற பாதையைப் பார்த்தாள்.

"வெள்ளப் பொடவைய நெனச்சிப் பாக்கறியா?"

"பொடவய இல்லக்கா. இனிமே இந்த ஊர்ல யாருக்கும் டோலி கட்டாம இருக்கணும்."

கன்னியம்மாளிடம் கேட்டபோது அந்தம்மா புளி அடிக்கிற கோலைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னாள். "இந்த ஒரு தடவதான். ஆவலன்னா ஆடியில களக்கொத்தும் கையுமா காட்டுல நிக்கணும். புஸ்தவம் எல்லாம் அடுப்புக்குப் பூடும்."

புளி சீசன் அது. பகலெல்லாம் புளியை உடைத்துக் கொட்டை எடுக்கிற வேலை. சகுந்தலா முன்னால் உட்கார்ந்து படிப்பாள், மாதம்மாள் கை வேலை செய்யும், காது கேட்கும். புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் புளி ஒட்டிக்கொண்டு, கடைசியில் அந்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கரைத்தால் ஒரு ஊருக்கே ரசம் வைக்கலாம் என்கிற நிலைமை.

கட்டுரை, கடிதம் எல்லாம் மனப்பாடம் பண்ணிவிட்டாள். சிக்கல் பாட்டில்தான். "பாடத்துல இல்லாத பாட்டு ஒண்ணக் குடுத்து, அத வெச்சிக் கேள்வி கேப்பாங்க. அங்கதான் நீ சறுக்கற," என்றாள் சகுந்தலா. "பலாப்பழத்த முழுசா வாயில போட்டுக்குவியா? கையில எண்ண தடவி, சொளைய ஒண்ணொண்ணா எடுக்கறல்ல? பாட்டும் அப்டித்தான். யாரு பேசறாங்கன்னு பாரு. எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருதுன்னு பாரு. அது ஏன் வருதுன்னு எழுது."

முதல் பாட்டில் ஒரு குருவி மரத்தைப் பார்த்து, எனக்கு இடம் தருவாயா என்று கேட்டது. குருவி எதைக் குறிக்கிறது என்பது கேள்வி. மாதம்மாள் எழுதியிருந்த பதில்: 'தருகிறேன், வா.'

சகுந்தலா விழுந்து விழுந்து சிரித்ததில் புளிக்கூடை கவிழ்ந்தது. "ஐயோ, உன்னைய இல்ல மாதம்மா கேக்குது, மரத்த கேக்குது."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அருணகிரி எட்டிப் பார்த்தான். "பாவம், குருவி எடம் கேக்குது. இல்லன்னு சொல்ல சொல்றீங்களா நர்சம்மா? மரம் வாயத் தொறக்கலன்னா நாமதான சொல்லணும்."

அவர்கள் ஊர் வழக்கம் அப்படி. அங்கே பாட்டு என்றால் தனியாகக் கேட்டு ரசிப்பது கிடையாது. கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரி ஒரு வரி பாடி வம்புக்கு இழுத்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரி அடுத்த வரி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஏழு தலைமுறைக்கு மானம் போயிற்று. சாவு வீட்டிலும் அதேதான். ஒருத்தி ஒரு வரியை அழுது பாடுவாள், செத்தவருக்கு நெருங்கியவள் அதை ஏற்றுப் பாட வேண்டும். கீழே கிடக்க விடக் கூடாது. ஏற்க ஆளில்லாவிட்டால் போனவர்கள் போக மனமில்லாமல் ஊர் எல்லையில் நின்றுகொண்டிருப்பார்கள் என்று சொல்வார்கள்.

வேடியைப் புதைத்த அன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து முதல் வரியைப் பாடினார்கள். தாய்தான் ஏற்க வேண்டும். மாதம்மாளுக்குப் பல் கிட்டிக்கொண்டது. தோளைப் பிடித்து உலுக்கினார்கள், முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். வாய் திறக்கவில்லை. கடைசியில் கன்னியம்மாள்தான் கிழிந்த குரலில் ஏற்றுப் பாடினாள். பெற்றவள் பாட்டெடுக்கவில்லை என்று ஊர் பேசியது. முகத்துக்கு நேராக இல்லை, முதுகுக்குப் பின்னால். முதுகுக்கும் காது உண்டு.

இதெல்லாம் சகுந்தலாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

போகப் போக மாதம்மாளுக்குச் சுளை எடுக்கிற பக்குவம் வந்துவிட்டது. பனி கொட்டுவதைப் பற்றி ஒரு பாட்டு. அருணகிரி கேட்டான், "பனின்னா நம்ம மார்கழிப் பனியா?"

"இல்ல மாமா. ஆகாசத்துலேர்ந்து உப்பு கொட்டற மாதிரி இருக்குமாம்."

"அடேங்கப்பா. அந்த ஊர்ல உப்பு வாங்கவே கடைக்குப் போவ வேணாம் போலக்கீதே."

மாதம்மாள் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "வெள்ளை வெள்ளைன்னு எல்லாப் பத்தியிலயும் வருதுக்கா, கடைசியில மட்டும் வரல. அப்ப உருகிப் போச்சுன்னு அர்த்தமா?" என்றாள். சகுந்தலா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "இத அப்டியே எழுதினா அஞ்சுக்கு நாலு மார்க். பதில் மட்டும் சொல்லிடாத. கேள்விக்கு எழுது, பாட்டுக்குப் பதில் சொல்லாத."

பரீட்சை அன்று தாண்டவராயன் ஜீப்பில் இறங்கினார்கள். அந்த ஜீப்பில் உட்கார்ந்தவர்களைவிடத் தொங்கியவர்கள் அதிகம், தொங்கியவர்களைவிட மூட்டைகள் அதிகம். தாண்டவராயனே பாதி வெளியில் தொங்கிக்கொண்டுதான் ஓட்டுவான். "தள்ளி ஒக்காருங்கப்பா, மாதம்மா வருது, இங்கிலீஷ் கசங்கிடப் போவுது," என்று அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். டோலியை இறக்கி வைத்த வளைவு வந்தபோது அருணகிரி ஏதோ ஒரு கதையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். அந்த வளைவில் எப்போதும் அவனுக்கு ஒரு கதை ஞாபகம் வந்துவிடும். மாதம்மாள் மடியில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஹாலில் எல்லாம் தாவணிப் பெண்கள். தாலி கட்டியவள் இவள் ஒருத்திதான். பேப்பர் வந்தது. பாட்டை முதலில் முடித்துவிட்டால் பயம் போய்விடும் என்று சகுந்தலா சொல்லியிருந்தாள்.

யாரோ எழுதிய சின்னப் பாட்டு. ஒரு வீட்டு வாசல். வாசலில் ஒரு சின்னத் தகரக் குவளை கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் சின்னச் செருப்பு. சேற்றில் சின்னக் காலடி, பாதி அழிந்திருக்கிறது. கடைசி வரி ஒரு கேள்வி: பொழுது சாய்கிறதே, அவனை உள்ளே வா என்று யார் கூப்பிடுவார்?

சகுந்தலா சொல்லிக்கொடுத்தபடியே மாதம்மாள் செய்தாள். பேசுகிறவர் யார் என்று எழுதினாள். 'சின்ன' என்ற வார்த்தை மூன்று பொருளுக்கும் வருகிறது, பையனைப் பற்றிப் பாட்டில் ஒரு வார்த்தை இல்லை, அவன் விட்டுப்போனது மட்டும்தான் இருக்கிறது என்றும் எழுதினாள். நல்ல இங்கிலீஷில்தான் எழுதினாள். அதோடு பேனாவை எடுத்து அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம்.

கடைசி வரி அப்படியே கிடந்தது. மாதம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இத்தனை பெண்கள் அதைப் படித்திருக்கிறார்கள். யார் கூப்பிடுவார் என்று கேட்டிருக்கிறது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் குனிந்து சோகம், சோகம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வரி தரையில் கிடந்தது.

நான் கூப்பிடுகிறேன் என்று எழுதினாள்.

அப்புறம் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் இங்கிலீஷில் போனது. இங்கிலீஷ் தீர்ந்ததும் தமிழில் போனது. சோறு ஊட்டும்போது அவன் அவள் மூக்கைப் பிடித்துக்கொள்வதை எழுதினாள். ஆட்டையும் மாட்டையும் அப்பாவையும் ஒரே மாதிரி 'மே' என்று கூப்பிட்டதை எழுதினாள். தேன் தொட்டு வைத்தால் விரலை விடாமல் சப்பியதை, அன்றைக்கு டோலியில் தேன் தொட்டு வைத்தபோது நாக்கு அசையாமல் இருந்ததை எழுதினாள். உள்ளே வா கண்ணு, இருட்டிப் போச்சு, உள்ளே வா என்று எழுதினாள். அடிஷனல் பேப்பர் கேட்டு வாங்கினாள். மறுபடி வாங்கினாள். சூப்பர்வைசர், பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க் இதுதான் என்கிற மாதிரி பயபக்தியோடு நூல் கொண்டுவந்து கட்டிக் கொடுத்தார். பக்கத்துப் பெஞ்சுப் பெண் பொறாமையில் பேனா மூடியைக் கடித்துத் தின்றே விட்டாள்.

பெல் அடித்தது. கடிதம், கட்டுரை, இலக்கணம் எல்லாம் வெறும் தாளாக இருந்தன.

வெளியில் அருணகிரி இட்லிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தான். "எப்டி எழுதின?"

"நெறய எழுதினேன் மாமா."

"பேப்பர் வாங்கினியாமே? அந்தப் பொண்ணுங்க பேசிக்கினு போச்சுங்க, மலைக்காரம்மா கட்டுக் கட்டா எழுதிச்சுன்னு."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் உண்மையைச் சொல்லாமல் இட்லிப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். மலை ஏறும் வரை அவன் அதையே ஜீப் முழுக்கச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல பேப்பர் கட்டு பெருத்தது. வீடு வந்து சேர்வதற்குள் அவள் எழுதியதைச் சுமக்க இரண்டு கழுதை தேவைப்பட்டது. கன்னியம்மாள்கூட ஒருநாள் சகுந்தலாவிடம், அந்த வெள்ளைப் புடவையை எதில் துவைப்பார்கள் என்று விசாரித்தாள். மாதம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாக இருக்கிறவர்களிடம் எதைச் சொல்லுவது.

ரிசல்ட் வந்த பேப்பரைத் தாண்டவராயன் கொண்டுவந்தான். அருணகிரி நம்பரைத் தேடினான். சகுந்தலா தேடினாள். அருணகிரி பேப்பரைத் திருப்பி சினிமா விளம்பரத்தில்கூடத் தேடினான். "அச்சடிக்கிறவன் உட்டுட்டுக்கீறான். அவ்வளவு எழுதினவளுக்கு எப்டி நம்பர் இல்லாம போவும்?"

"உடல மாமா. நான்தான் எழுதல," என்றாள் மாதம்மாள். அவர்கள் இரண்டு பேருக்கும், கதவருகே நின்ற கன்னியம்மாளுக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னாள்.

சகுந்தலாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அது பரீட்சை மாதம்மா. எந்த தேசத்துல யாரு எழுதினதோ. உன் புள்ளைய அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. கேட்டான் இல்ல."

அருணகிரி பேப்பரை மடித்தான். மடித்ததையே இன்னும் சின்னதாக மடித்தான். "தேன எழுதினியா?"

"எழுதினேன்."

"என்னைய மேன்னு கூப்பிட்டது?"

"அதயும் எழுதினேன்."

அவன் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனான். வேடி போனதிலிருந்து அந்தப் பேச்சு வீட்டில் எழுந்தது அன்றைக்குத்தான். அவன் போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சத்தமும் கேட்கவில்லை.

கீழே எங்கேயோ ஒரு வாத்தியார் அந்தக் கட்டைப் பிரித்திருப்பார். ஊரெல்லாம் கட்டிவைத்த பேப்பர் அவர் முன்னால் மலை மாதிரி இருந்திருக்கும். தமிழைப் பார்த்ததும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்க் போடத்தான் அவரை உட்கார வைத்திருந்தார்கள்.

ஆடி மாதம் சாமைக் காட்டில் களை எடுக்கிறபோது சகுந்தலா வரப்பில் வந்து நின்றாள். "அக்டோபர்ல மறுபடி எழுதலாம் மாதம்மா."

மாதம்மாள் மாமியாரைப் பார்த்தாள். கன்னியம்மாள் நிமிராமலே, "எழுதறதுன்னா எழுது. நான் ஒண்ணும் சொல்லல," என்றாள். போன மாதம் வரை அந்தம்மாவிடம் இந்த வார்த்தையை வாங்க சாமியாலும் ஆகியிருக்காது.

"வேணாங்கா," என்றாள் மாதம்மாள்.

"ஏன்? அத்தையே சொல்லிட்டாங்க."

"எந்தப் பாட்டு வந்தாலும் அவனத்தான் எழுதுவேன். இப்ப வாய் தொறந்துடுச்சி, மூட வரல."

"பாட்டுக் கேள்விய உட்டுட்டு மத்தத எழுதேன்."

"பேப்பர்ல அது இருக்குமில்ல."

சகுந்தலா புடவையைத் தூக்கிச் செருகினாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டில் இறங்கி மாதம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தாள்.

"நர்சம்மா, நீ புடுங்கறது சாமை," என்றாள் கன்னியம்மாள். "களை அதுக்குப் பக்கத்துல கீது."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வருஷம் ட்ரெய்னிங்கில் மலைப் பெண்ணுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் புதூர்நாட்டிலிருந்து யாரும் போகவில்லை.