ஸ்கேன் படத்துல விழுந்த கை

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளு நானு. வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் மலை ரோட்டுல பல வருசம் வேன் ஓட்டியிருக்கேன், ஒவ்வொரு வளைவுக்கும் மத்த டிரைவர்க ஒரு கதை வச்சிருப்பாங்க, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம்னு. அவங்க பயந்து பயந்து வண்டிக்கு முன்னாடி வச்ச எலுமிச்சம்பழத்த எடுத்து சோடாவுல புழிஞ்சு குடிச்சிருக்கேன், வயித்துவலி கூட வரல. அதனால இதக் கேட்டு நீங்க சிரிச்சா நான் கோவிச்சுக்க மாட்டேன், இன்னொருத்தன் சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். இது நடந்தது ராத்திரி கூட இல்ல. பட்டப்பகல், ஏசி ரூம், டியூப்லைட் வெளிச்சம்.

முதல்ல என் கையப் பத்திச் சொல்லிர்றேன். வலது கை மோதிர விரல்ல எனக்கு மேல் கணு கிடையாது. ஓடிக்கிட்டிருந்த இன்ஜின்ல ஃபேன் பெல்ட்டத் தொட்டுப் பார்த்த புத்திசாலித்தனத்துக்குக் கிடைச்ச பரிசு அது.

என் மகன் அருணுக்கு மூணு வயசுல காய்ச்சலோட வலிப்பு வந்து, திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டு ஓடி தலைக்கு ஸ்கேன் எடுத்தோம். அப்பத்த மெஷின் ரொம்ப நிதானம். ஒரு படம் எடுக்கும், நிக்கும், மேசை கொஞ்சம் நகரும், மறுபடி ஒரு படம். நடுவுல பிள்ளை அசைஞ்சா அம்புட்டும் வீண். தூங்க மருந்து குடுத்தும் அவன் தூங்கல, அதனால ஈயம் வச்ச கனமான அங்கி ஒண்ண எனக்கு மாட்டிவிட்டு, நீங்களே தலையப் புடிச்சுக்கங்கன்னுட்டாங்க. நான் ரெண்டு கன்னத்தையும் புடிச்சுக்கிட்டு குனிஞ்சு நின்னேன், அவன் என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு அசையாமக் கிடந்தான். ஃபிலிம் வந்தப்ப அவன் தலைக்கு ரெண்டு பக்கமும் என் விரல் எலும்பு வெள்ளையா விழுந்திருந்துச்சு. உங்க கைக்கும் சேர்த்து ஓசியில படம் எடுத்துட்டீங்களேன்னு டாக்டர் சிரிச்சாரு. பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஆனா அதுல இருந்து பயலுக்கு ஒரு பழக்கம் வந்துருச்சு, முடி வெட்டப் போனாக்கூட நான் தலையப் புடிச்சாத்தான் உக்காருவான்.

அவனுக்கு எட்டு வயசு இருக்கும்போது, சித்தையன்கோட்டையில எங்க வீட்டுப் பக்கத்துல சைக்கிள்ல இருந்து விழுந்து வாய்க்கால் கல்லுல தலை இடிச்சுருச்சு. ரத்தம் ஒண்ணும் வரல. எந்திரிச்சு வந்து, வெஞ்சனம் என்னன்னு கேட்டு, முட்டைப் பொரியல்னதும் ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்ட்டான். விடிஞ்சதும் வாந்தி எடுத்தான். அப்புறம் தூக்கம் தூக்கமா வந்துச்சு அவனுக்கு, எழுப்புனா சொணங்குறான், மறுபடி கண்ணு சொருகுது. நானும் என் சம்சாரம் செல்வியும் மச்சினன் பாண்டியும் வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு திண்டுக்கல்லுக்கு வந்தோம்.

இப்ப இருந்தது புது ஸ்கேன் சென்டர், புது மெஷின். அத ஓட்டுற பொண்ணு நெய்க்காரப்பட்டிப் பக்கம், பேச்சுலயே தெரிஞ்சுச்சு. "யாரும் புடிக்க வேண்டாமுங்க. இது வேகமான மெஷினுங்க, நீங்க ரெண்டு மூச்சு விடறதுக்குள்ள முடிஞ்சுருமுங்க. தலைய முழுசாவே சுத்திக் காட்டிருமுங்க"ன்னுச்சு.

"அவனுக்குப் பழக்கம்மா, நான் புடிச்சாத்தான் இருப்பான்"னேன்.

"கதிர் படுமுங்கண்ணா. நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க."

அருண் கண்ண மூடிக்கிட்டே "அப்பா, புடிச்சுக்க"ன்னான். நெத்தியில ஒரு பட்டையக் கட்டிவிட்டு என்னையக் கூட்டிட்டு வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திட்டாங்க. கதவச் சாத்தியாச்சு. உள்ள அவன் மட்டுந்தான், நான் ரெண்டு கண்ணால பார்த்தது அது. பட்டையையும் மீறித் தலையத் திருப்பித் திருப்பி அனத்துறான், எனக்கு இங்க கையும் ஓடல காலும் ஓடல. மெஷின் சுத்த ஆரம்பிச்சதும் சட்டுன்னு அடங்கிட்டான். அந்த நேரம் அம்புட்டுக் குளிர்லயும் என் வலது உள்ளங்கை கதகதன்னு ஆச்சு, வேர்த்த முடி படுற மாதிரி ஒரு ஈரம். பதட்டம்னு நெனைச்சுக்கிட்டேன்.

அந்தப் பொண்ணு எதையோ தட்டுச்சு, கம்ப்யூட்டர்ல என் மகனோட மண்டை ஓடு உருண்டையா வந்து நின்னுச்சு. பெத்தவன் பார்க்கக் கூடாத காட்சி அது. இனிமே முளைக்க வேண்டிய பல்லெல்லாம் தாடைக்குள்ள வரிசையாக் காத்துக்கிட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு மவுச நகத்தி வலது பக்கமாத் திருப்புச்சு. நீங்க நம்புனா நம்புங்க, காதுக்கு மேல ஒரு கை இருந்துச்சு. எலும்புக் கை, பெரிய ஆளு கை, விரல விரிச்சு தலைய அமுக்கிப் புடிச்சிருக்கு. மோதிர விரல்ல மேல் கணு இல்ல.

அந்தப் பொண்ணு என் கையப் பார்த்துச்சு. நான் ஏன்னே தெரியாம கைய முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டேன். அதுக்குள்ள டாக்டர் வந்துட்டாரு.

"உள்ள யாரும்மா நின்னது?"

"யாருமே நிக்கலைங்க சார்."

அவரு செத்த நேரம் உத்துப் பார்த்துட்டு, பழைய படம் ஏதாவது கலந்திருக்கும்னாரு. பழைய படம் எடுத்தது வேற எடத்துல, வேற மெஷின்ல. அப்ப அவன் தலை எம்புட்டு, இப்ப எம்புட்டு. இதையெல்லாம் எடுத்துச் சொன்னா பிள்ளைய விட்டுட்டு என்னைய வைத்தியம் பார்ப்பாங்க. அந்த விரலுக்கு நேர் உள்ளதான் ரத்தம் கட்டியிருக்குற மாதிரி தெரியுது, கை மறைக்குது, ஆபரேசனுக்குத் தெளிவா வேணும்னு டாக்டர் சொன்னாரு. "இன்னொரு தடவை எடுத்துரலாம், ஒரு நிமிசம் கூட ஆகாது." அவரு சொன்னது நியாயம். நான் தலைய ஆட்டுனேன்.

என் மூஞ்சியப் பார்த்துட்டு பாண்டி என்னைய வெளிய இழுத்துட்டு வந்தான். "மச்சான், காலைல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல நீங்க. இதச் செத்த குடிங்க"ன்னு டீ கிளாச என் வலது கையில திணிச்சான். நான் அதப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு வாய் கூடக் குடிக்கல. அதுக்குள்ள முடிஞ்சுருச்சுன்னு கூப்ட்டாங்க. ரெண்டாவது படம் சுத்தமா வந்திருந்துச்சு, கையுமில்ல ஒண்ணுமில்ல.

உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்ஸ் வச்சுக் குடுத்தாங்க. அதுலதான் என்னைய அவன் தலையப் புடிக்க விட்டாங்க. வழி நெடுக புடிச்சிருந்தேன், எந்தச் சாமியையும் கும்பிடாத நானு பேரு தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்பிட்டேன். கொடைரோடு தாண்டி மூச்சு நின்னு போச்சு. மதுரையில கொண்டுபோயி காட்டுனதுக்கு, யாரு என்ன செஞ்சிருந்தாலும் கஷ்டம்தான்னு சொன்னாங்க. அது எனக்கு ஆறுதல்னு நெனைச்சுத்தான் சொல்லியிருப்பாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு மனசு கேக்காம அந்த சென்டருக்குப் போனேன். அந்தப் பொண்ணு இருந்துச்சு. முதப் படம் வேணும்னு கேட்டேன். "அப்பவே அழிச்சுட்டோமுங்கண்ணா"ன்னுச்சு.

"நீ பார்த்தேல்லம்மா? எனக்குப் பைத்தியம் இல்லேல்ல?"

"பார்த்தேனுங்க."

அதோட நான் வந்திருக்கலாம். வாசல் வரைக்கும் வந்துட்டேன், அந்தப் பொண்ணு பின்னாலயே ஓடியாந்துச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு தெரியலைங்கன்னு அழுதுச்சு. ரெண்டாந்தரம் எடுக்கறப்ப உள்ள இருக்குற மைக்ல தம்பி பேசுனது தனக்குக் கேட்டுச்சுன்னுச்சு. என்ன சொன்னான்னு கேட்டேன்.

"'அப்பா, ஏன் கைய எடுத்துட்ட'ன்னு கேட்டானுங்க. அம்புட்டுத்தானுங்க."

இத நான் செல்விகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடி எடது கையில டீ குடிக்கிறீகளேன்னு அவ சத்தம் போடுவா. பழகிப் போச்சுன்னு சொல்லிட்டு, வலது கைய மடியில வச்சுக்கிட்டுக் குடிப்பேன்.