சத்தம் குறைத்துப் பார்த்த பத்து மணி நிகழ்ச்சி

ஸ்டெல்லா அக்கா வீட்டின் தெருப்பக்கத்துச் சன்னல் திறந்திருந்தது. வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் நான் முதலில் பார்த்தது அதைத்தான். அவருடைய கணவர் ஆரோக்கியம் அண்ணன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறார். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். நைட் ஷிப்ட் வாரத்தில் அந்தச் சன்னல் சாயங்காலம் வரை திறக்காது. வெளிச்சம் வராமலிருக்க உள்ளே ஒரு போர்வையும் கட்டியிருப்பார்கள். அன்று போர்வையும் இல்லை. எதிர் வீட்டு அம்மா என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தார்.

"ஸ்டெல்லா நேத்து சாயங்காலமே போயிடுச்சி பாப்பா. கடலூர் ஆஸ்பத்திரியில. உனக்கு யாருமே சொல்லலியா?"

ஜெபத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அக்காவின் முகம் தெரியும். மந்தாரக்குப்பத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் இருக்கும் எங்கள் கேபிள் சேனலில் பேசியவர் அவர். திரையில் ஓடும் எழுத்தை அடிப்பவள் நான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்காரும் வேலைக்கு வந்தேன்.

எங்கள் சேனல் மாலை ஆறு முதல் ஒன்பது வரைதான் ஓடிக்கொண்டிருந்தது. பொங்கலுக்குப் பிறகு காலையிலும் ஒரு மணி நேரம் கூட்டலாம் என்று முதலாளி முடிவு செய்தார். பத்திலிருந்து பதினொன்று வரை பாட்டு போட்டால் போதும் என்பது அவர் எண்ணம். அக்கா ஒப்பவில்லை.

"பாட்டு எல்லா சேனல்லயும்தான் ஓடுது. எந்தத் தெருவுல தண்ணி வரல, ரேஷன் கடையில இன்னிக்கு என்னா போடறாங்க, அத நம்ம சொல்லுவோங்க. ஜனங்க போன் பண்ணிப் பேசட்டும்."

அவர் சொன்னபடியே நிகழ்ச்சி தொடங்கியது. மூன்று வாரம் ஒரு போன்கூட வரவில்லை. அக்கா கேமராவைப் பார்த்து எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வார். போன் மேசைமேல் சும்மா கிடக்கும். "ஸ்டெல்லா, நீ பேசறத நானும் இந்தப் பொண்ணும்தான் கேக்கறோம். அதுலயும் இது காதுல வாங்குதான்னு தெரியல" என்று முதலாளி கிண்டல் செய்தார். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் பாட்டுதான் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் நிகழ்ச்சி நேரத்தில் பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டு, அக்கா என்னை இழுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். மூன்றாவது வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சேனல்தான். திரையில் அக்கா பேசிக்கொண்டிருந்தார். ஆனால் சத்தமே இல்லை. அடுத்த அறையில் ஒருவர் தலை வரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார். அந்த வீட்டுப் பெண் உதட்டில் விரல் வைத்து எங்களைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

"டெய்லி பாக்கறேன் யக்கா. நீ வாய அசைக்கறது தெரியுது. என்னா சொல்றன்னுதான் தெரியல. சவுண்டு வெச்சா அந்தாளு எழுந்துகினு ரிமோட்ட தூக்கி அடிப்பாரு."

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தினமும் தன் வீட்டுச் சன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு, புருஷன் எழுந்துவிடாமல் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர் அவர். அவருக்கே தோன்றவில்லை, ஊரில் பாதி வீடுகள் அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று. திரும்பி வரும்போது சொன்னார்: "நேரத்த நீட்டறது பெரிய வேல இல்ல பாப்பா. அந்த நேரத்துல யாரு முழிச்சிக்கினு இருக்காங்க, யாரு தூங்கறாங்கன்னு பாத்து நீட்டணும்."

அன்றிலிருந்து அவர் பேசுவதை எல்லாம் நான் பெரிய எழுத்தில் அடித்தேன். முதல் போன் நான்காம் நாள் வந்தது. "பாத்ரூம்லேருந்து பேசறேங்க" என்று ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. பிறகு வந்தவர்களும் கிசுகிசுத்தே பேசினார்கள். அவர்கள் சொல்வதை அக்கா திருப்பிச் சொல்வார். நான் அடிப்பேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னா, ஊமைப் படமா காட்டறீங்க?" என்றார். "ஆமாங்க. ஆனா போன் எடுத்து முடியல" என்றார் அக்கா.

ஒருமுறை தண்ணீர் லாரி வரும் தெருவின் பெயரை நான் மாற்றி அடித்துவிட்டேன். முப்பது பெண்கள் குடத்தோடு தவறான தெருவில் காத்திருந்தார்கள். மறுநாள் அக்கா கேமரா முன் கை கூப்பி, "தப்பா சொன்னது ஸ்டெல்லா" என்றார். நான் அழுதேன். "எதுக்கு அழற? நீ அடிக்கறதையும் நான் சொன்னதாதான் படிக்கறாங்க. கொடத்த தூக்கிக்கினு வெயில்ல நின்னவங்களுக்கு, யாரால நின்னோம்னு தெரியணும் இல்ல" என்று அதட்டினார். அவருக்குக் கோபம் வந்தால் மேசையில் தட்டுவார். அன்றும் தட்டினார்.

இனி அந்தப் புதன்கிழமையைச் சொல்ல வேண்டும்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தபோது அக்கா மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. "தாடையெல்லாம் வலிக்குது பாப்பா. வூட்டுலேருந்து கெளம்பும்போது ஒண்ணும் இல்ல. தெருமுன தாண்டனதும் புடிச்சிக்கிச்சி. இன்னிக்கு நீ பேசேன். நான் கிளினிக் போயிட்டு வந்துடறேன்."

நான் தலையை ஆட்டினேன். மாட்டேன் என்று ஆட்டினேன்.

"கிசுகிசுன்னுதாண்டி பேசப் போறாளுங்க. நீயும் கிசுகிசுன்னே பேசு."

"பாட்டு போட்டுடலாங்க்கா" என்றேன்.

"ஒரு நாளு போட்டா அதுவே போதும்னுடுவாரு அந்த மனுஷன்." கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். "சரி வுடு. நாளைக்குப் பேசு."

ஒரு மணி நேரமும் அவரே பேசினார். பதினொன்று அடித்ததும் ஆட்டோவில் கிளினிக் போனார். அங்கிருந்து கடலூருக்கு அனுப்பினார்கள். ஆரோக்கியம் அண்ணனைக் கிளினிக்கில் இருந்தவர்கள்தான் போன் செய்து எழுப்பியிருக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடக்கத்தன்றும், ஏழாம் நாள் ஜெபத்தன்றும் வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஆரோக்கியம் அண்ணன் ஒன்றையே சொன்னார். "வூட்டுலயே வலிச்சிருக்கும். என்னெ எழுப்ப வேணாம்னு வாய மூடிக்கினு போயிட்டா. நான் தூங்கிக்கினு இருந்தேன்." அவர் இப்போது தூங்குவதே இல்லை என்கிறார்கள். அக்காவுக்கு வீட்டில் வலிக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு நாளும் எழுந்து வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு இப்போது பாட்டு ஓடுகிறது. போன் வருகிறது, யாரும் எடுப்பதில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது, படியில் அவர் சொன்ன "நாளைக்குப் பேசு" மட்டும்தான்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் கொடுக்கும் தாளில் போடுவதற்காக அக்காவைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். புதன்கிழமை வரை எழுதிவிட்டு நிறுத்தினேன். இதை ஆரோக்கியம் அண்ணன் முதன்முதலில் ஒரு தாளில் படிக்கக் கூடாது என்று பட்டது. நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன்.

"வா பாப்பா. என்னா?"

"அக்காவுக்கு வூட்டுல வலிக்கலிங்க அண்ணா."

அவர் என்னையே பார்த்தார்.

"படியில வெச்சி எங்கிட்ட சொன்னாங்க. என்னெ பேசச் சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் தரையில் உட்கார்ந்தார்.

"மொதல்லேருந்து சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லு."

நான் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.