சோற்றுக் கடையில் சத்தமாக ஒரு ஜெபம்

சிலுவை அடையாளம் போடுவதில் எனக்கென்று ஒரு தனி முறை உண்டு. கோயிலில் அல்ல. கோயிலில் எல்லாரையும் போலத்தான் போடுவேன். சொல்லப்போனால் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன், பின்வரிசைக்கும் தெரிகிற மாதிரி. நான் சொல்வது ஈப்போவில் மத்தியானம் சாப்பிடப் போகும் வாழையிலைச் சோற்றுக் கடையில் போடுவது. இலையில் சோறு விழுந்ததும் கை நெற்றிக்குப் போகும்: வியர்வை துடைக்கிறேன். அப்படியே நெஞ்சுக்கு இறங்கும்: பையில் பேனா இருக்கிறதா என்று பார்க்கிறேன். இடது தோளில் ஒரு தட்டு, வலது தோளில் ஒரு தட்டு: தூசி. ஆண்டவருக்குப் புரியும், அடுத்த மேசைக்குப் புரியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பெருமை.

பயப்பட அங்கே யாரும் இல்லை. அங்கே சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் நெற்றி நிறைய விபூதியோடுதான் வருவார்கள். கடைக்கார அக்கா கல்லாவுக்கு மேலே இருக்கிற முருகனுக்குச் சாம்பிராணி காட்டாமல் முதல் இலையைப் போட மாட்டார். மாலை போட்டவர்கள் வாய்விட்டுச் சரணம் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்கள். யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் ஏதோ கடத்தல் சாமான் கொண்டுவந்தவன் போல முழித்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சுவாமியார், விசுவாசம் வெளியே தெரிய வேண்டும் என்பார். நான் பலமாகத் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டல் நன்றாகவே வெளியே தெரியும்.

என்னோடு சாப்பிட வருகிறவன் என் மச்சான். உறவில் அல்ல, வேலையில். இருவரும் ஏர்கான் பழுது பார்க்கிறவர்கள். நான் ஏணியில் ஏறினால் அவன் ஏணியைப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு, அதற்கு என் இடுப்பு சாட்சி. இருவர் வீடும் செமோர் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட ஒரே தாமான் குடியிருப்பில். அவன் அங்கே மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருக்கிறான். தீமிதிக்கு அவன் இறங்குவான். நான் ஓரமாக நின்று அவன் கைப்பேசியையும் செருப்பையும் காவல் காப்பேன்.

அவனுடைய மூத்த மகளைத் தைப்பிங்கில் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். காலையிலேயே வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மச்சானின் மனைவி ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள். இவன் வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் போவதாக இருந்தான். அன்று எங்களுக்கு இலை போட்டு, சோறும் விழுந்து, அக்கா நண்டுக் கறி ஊற்றிக்கொண்டிருந்தபோது மருமகன் போன் செய்தான். மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"என்னடா?" என்றேன்.

"புள்ளைக்கு நாடி கொறையுதாம். அறுக்கணும்னு உள்ள கொண்டு போறாங்களாம்."

"சரி, எந்திரி. வேன்லயே போயிரலாம். மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. போனை மேசையில் வைத்தான். அது இலைமேல் வழுக்கி ரசத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"மச்சான், நீ சோத்துக்கு முன்ன கும்பிடுவியே, அத என் மவளுக்கு ஒருவாட்டி கும்பிடு. அப்புறம் போலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? நான் எப்பக் கும்பிட்டேன்?"

"டேய், இத்தன வருசமா எதுத்தாப்புல ஒக்காந்து பாக்குறேன். தூசி தட்டுறியா நீ? ஒன் சட்டையில பையே கெடையாது லா!"

குனிந்து பார்த்தேன். கம்பெனி கொடுத்த டீ சட்டை. அதில் பையே இல்லை.

"எனக்கும் தெரியும் தம்பி," என்றார் அக்கா, கறிவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு. "தோள்ல அரிப்போன்னு மொதல்ல நெனச்சேன். சரி, சீக்கிரம் கும்புடுங்க, புள்ள அங்க காத்துக்கிட்டு இருக்கு."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் எழுதி வைத்த ஜெபம் உண்டு. காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று. என் மனைவியின் அண்ணன் வேறு சபைக்காரர். அவர் டீ குடிக்க வாயைத் திறந்தாலே ஜெபம் அருவி மாதிரி கொட்டும், டீ ஆறிப்போகும். என்னிடம் புத்தகத்தைக் கொடுத்தால் ராகத்தோடு வாசிப்பேன். புத்தகம் இல்லாமல், சொந்த வார்த்தையில், அதுவும் சோற்றுக் கடையில் என்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் மச்சான் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டான். அக்காவும் வாளியைக் கீழே வைத்துவிட்டார். வேறு வழியில்லை. இந்த முறை தூசியெல்லாம் தட்டாமல் அடையாளத்தை ஒழுங்காகப் போட்டேன். பயத்தில் எனக்குக் குரல் கூடும். "ஆண்டவரே!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே அமைதியாகிவிட்டது. யாரோ டிவியை வேறு அணைத்தார்கள். அதுவரை எனக்கு உதவியாக இருந்தது அந்த டிவி ஒன்றுதான்.

அடுத்த வார்த்தை வரவில்லை. மூளையைத் துழாவினேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்து இத்தனை வருடம் சொன்ன ஒரே ஜெபம்தான் கைக்குக் கிடைத்தது. கிடைத்ததை அப்படியே அவிழ்த்துவிட்டேன்: "நாங்கள் உண்ணப்போகும் இந்த உணவை ஆசீர்வதியும்..."

மச்சான் ஒரு கண்ணைத் திறந்தான்.

"உணவை இல்ல, ஆண்டவரே," என்றேன் அவசரமாக. "சோறு இருக்கட்டும். பொண்ண. பொண்ணப் பாருங்க. பயந்து போயிருக்கா. இப்பத்தான் உள்ள கொண்டு போயிருக்காங்க. தாயும் புள்ளயும் முழுசா வெளிய வரணும். அறுக்குற டாக்டருக்குக் கை நடுங்கக் கூடாது, இங்க எங்க ரெண்டு பேருக்கும் நடுங்குறதே போதும். பாத்துக்குங்க லா."

கடவுளிடம் எங்கள் ஊர்ப் பேச்சில் 'லா' போட்டுப் பேசிய முதல் ஆள் சபையில் நானாகத்தான் இருப்பேன். "ஆமென்" என்றேன். "ஆமென்" என்றான் மச்சான். "முருகா" என்றார் அக்கா. பின் மேசையிலிருந்து யாரோ "நல்லதே நடக்கும்" என்றார்கள். எங்கள் இலைகளை அப்படியே விட்டுவிட்டு வேனில் ஏறினோம்.

கோலக்கங்சார் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மழைக்குப் பேர்போன தைப்பிங் நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அறிவிப்புப் பலகை. வண்டி ஓட்டிக்கொண்டே எனக்குள் அடுத்த பயம் கிளம்பியது. அதுவரை நான் யாருக்கும் தெரியாத கிறிஸ்தவன். என்ன நடந்தாலும் ஆண்டவர்மேல் பழி வராது. இப்போது ஒரு கடை ஜனத்துக்கு முன்னால் அவரை இழுத்துவிட்டேன். ஏதாவது ஏடாகூடமாக ஆனால்? சோற்றில் ஆரம்பித்த ஜெபம் எடுபடுமா? திரும்ப ஒருமுறை சுத்தமாகச் சொல்லிவிடலாமா? வைப்பர் வேகத்தைவிட வேகமாக மனசு அடித்துக்கொண்டது. மருமகனின் போனுக்கு மச்சான் அடித்துக்கொண்டே இருந்தான், லைன் போகவில்லை.

தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மச்சான், தப்பா எதாச்சும் ஆனா என்னத் திட்டுவியா?"

"ஒன்ன எதுக்குத் திட்டணும்? நீ என்ன டாக்டரா?" அவன் கண்ணாடியில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு வாயே வரல மச்சான். தொறந்தா அழுதிருப்பேன். யாராச்சும் கூட இருந்து கேட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு. நீதான் எதுக்க இருந்த."

அதற்குப் பிறகு நான் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். ஜெபத்தைத் திரும்பச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் மருமகன் நின்றிருந்தான். போனில் சார்ஜ் போய்விட்டதாம். "மாமா, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்றான். சொல்லி முடிப்பதற்குள் மச்சான் அவனைக் கட்டிப்பிடித்து, சொன்னபடியே அழுதான். நானும் அழுதேன். மழையில் நனைந்து வந்ததால் என் அழுகை கணக்கில் சேரவில்லை. அவனும் அவன் மனைவியுமாகப் பேத்தியைப் பார்க்க உள்ளே போனார்கள். எனக்கு இடமில்லை, ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே போகலாம் என்று நர்ஸ் கறாராக இருந்தாள்.

வெளி பெஞ்சில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டி மச்சான் சொன்னான்: "சம்பந்தி, இவன்தான் கடையில நின்னு சத்தமா ஜெபம் பண்ணது. ஊரே கேட்டுச்சு!"

சொல்லிவிட்டு மறைந்துவிட்டான். சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஈர டீ சட்டை, கால்சட்டை முழுக்க ஏர்கான் அழுக்கு.

"நெசமாவா தம்பி? நீங்க ஜெபம் பண்றவரா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பழக்கம். ஆனால் வார்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வீறிட்டது, மச்சான் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"ஆமாங்க்கா," என்றேன்.

அவர் புடவையை லேசாக விலக்கி, காலை மெதுவாக என் பக்கம் நீட்டினார். "எனக்கு இந்த முட்டி வலி ரொம்ப நாளா இருக்கு தம்பி. எத்தனையோ எண்ணெய் தடவிப் பாத்தாச்சு."

பெஞ்சில் இருந்த இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் தன் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே நகர்ந்து கிட்டே வந்தார்.

"ரெண்டு முட்டியுமாக்கா, ஒன்னு மட்டுமா?" என்று கேட்டேன்.