பேக்கரிக்காரர் சமைத்த மீன்

பேக்கரிக்காரருக்கு மச்சினியைக் கண்டாலே ஆகாது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவள் செய்யும் மீனை இவர் மனைவி சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறாளாம்!

இவர் சுட்ட ரொட்டியின் ருசியில் மயங்கித்தான் அந்த மனைவி இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அப்படிப்பட்டவளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி உள்ளே போனாலே குடல் புண்ணாகும், ஆயுசுக்கும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். இவர் சட்டையோடு வந்த மாவோ வீட்டில் கதவிடுக்கு வரை கிடந்தது. அதனால் அவளுக்கு மதியச் சாப்பாடு அடுத்த தெருவில், தன் தங்கை வீட்டில். மீன், ஆலிவ் எண்ணெயில் வதக்கிய காய்கறி, ஒரு பிடி வால்நட், கிண்ணம் நிறையத் தயிர். நல்ல கொழுப்பு உடம்பைத் தேற்றுமாம், காய்கறியும் தயிரும் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தோதாம். தங்கை பாடம் ஒப்பிப்பது போல் சொல்வாள். மனைவியின் ஒட்டிய கன்னம் மெல்ல நிரம்பியது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் பொறாமையில் வெந்தார்.

"அவ கைப்பக்குவமே தனிதாங்க," என்றாள் மனைவி ஒருநாள்.

அவ்வளவுதான். மறுநாள் கடையில் அரிசி மாவைப் புதுப் பாத்திரத்தில் பிசைந்து, அடுப்பைத் துடைதுடையென்று துடைத்து, ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தார். மனைவி தயங்கினாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு துண்டு தின்றாள். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

மச்சினி ஓடி வந்தாள். "ரொட்டி ஒட்டாம இருக்கத் தட்டுல என்ன போட்டீங்க மாமா?"

"எண்ணெய் தடவினேன். அப்புறம்..."

அப்புறம் கை தன்பாட்டுக்கு ஒரு பிடி கோதுமை மாவைத் தூவியிருந்தது. இத்தனை வருஷப் பழக்கம்.

மச்சினி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டாள். தன் பொறாமைதான் பெண்டாட்டியைப் படுக்க வைத்தது என்று அவருக்கு உறைத்தது. வெட்கக்கேடு, அப்போதும் மச்சினியின் கையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவி எழுந்து நடமாடுவதற்குள் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் கழுவித் தள்ளினார். கடையிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறினார். புது வாணலி வாங்கி மீனும் பொரித்தார். ஒரு பக்கம் கருகிவிட்டது.

"தங்கச்சி செஞ்சா இன்னும் நல்லா இருக்கும்," என்றாள் மனைவி. அவருக்குச் சுருக்கென்றது. அவளோ தட்டை நீட்டினாள். "இன்னொரு துண்டு வைங்க."

போன் அடித்தது. மச்சினிதான். "அக்காவ இன்னும் காணோமே மாமா?"

"இங்கயே சாப்பிடுறா."

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

மச்சினி மீன் சட்டியை டங்கென்று மூடுவது போனில் கேட்டது. பிறகு, "என் மீனைவிட நல்லா இருக்காமா?" என்று கேட்டாள்.

அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் அவருக்குள்ளேயே கேட்ட குரல்.

"கருகிப்போச்சும்மா. உன் கைப்பக்குவம் எனக்கு வருமா?" என்றார். சொல்லிக்கொண்டே மனைவியின் தட்டில் இன்னொரு துண்டை வைத்தார்.