வானத்தில் சிக்கிய இருவரும் என் அம்மாவும்

வானத்தைக் காட்டினால் வானத்தைப் பார்க்காமல் போனை எடுத்துப் படம் பிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏற்காட்டுக்கு வருகிற டூரிஸ்ட்டுகளில் பாதிப் பேர் அந்த ரகம். அவர்களுக்காக ரிசார்ட்டுக்காரர்கள் மரத்துக்கு மரம் சீரியல் பல்பு கட்டி, இருக்கிற இருட்டையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். கொரோனா ஊரடங்கில் அந்த விளக்குகள் அத்தனையும் அணைந்து கிடந்தன. நாகலூர் பக்கம் நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட்டில் பாதி நாள் வேலையும் இல்லை. பொழுது சாய்ந்ததும் வாசலில் நின்று அண்ணாந்தால், இத்தனையையும் இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுகிற எனக்கு வானப் பைத்தியம் பிடித்தது அப்போதுதான்.

விண்வெளி நிலையம் எந்த நேரத்தில் எந்தத் திசையில் கடந்து போகும் என்று சொல்கிற ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டேன். முதல் தடவை அதைப் பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பியது. சத்தம் இல்லை, மினுக்கல் இல்லை. யாரோ கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவசரப்படாமல் நடந்து போவது போல உச்சிக்கு வந்தது. கிழக்கே இறங்குவதற்குள் நடுவானத்திலேயே மங்கி, இல்லாமல் போய்விட்டது.

பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். "அணைஞ்சு போச்சே கண்ணு!" என்று என் கையைப் பிடித்தாள்.

"அணையலம்மா. சூரிய வெளிச்சம் பட்டுத்தான் அது மின்னுது. இப்ப பூமியோட நெழலுக்குள்ள போயிருச்சு."

"அதுல ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னியே. அவிங்களும் இருட்டுக்குள்ள போயிட்டாங்களா?"

"கொஞ்ச நேரத்துல மறுபடியும் விடிஞ்சிரும். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை விடியுது அவிங்களுக்கு."

"எவ்வளவு தூரத்துல இருக்காங்க?"

"இங்கிருந்து மெட்ராஸ் போற தூரம்தான். நேரா மேல."

"மெட்ராஸ் தூரந்தானா?" என்றாள் நம்பாமல். பிறகு, "எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

எதைப் பற்றிப் பேசினாலும் அம்மா கடைசியில் வந்து நிற்கிற கேள்வி அதுதான். என் அண்ணன் போனதிலிருந்து அப்படி. திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று காலை பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிப் போனவன் அவன். சண்டை இல்லை, கோபம் இல்லை. காதல் கீதல் ஏதாவது இருந்திருந்தாலாவது பழி போட ஆள் கிடைத்திருக்கும். கொஞ்ச காலம் போன் செய்தான். பிறகு பெங்களூரிலிருந்து பேசினான். லாரிக்காரச் சிநேகிதன் ஒருவனோடு வடக்கே போகப் போவதாகச் சொன்னதுதான் கடைசி. அந்த நம்பருக்கு நாங்கள் திரும்பத் திரும்ப அடித்தபோது, எங்களுக்குப் புரியாத பாஷையில் ஒரு பெண் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போலீஸுக்குப் போனோம். அப்பா அவன் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். அலைந்து அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவுக்கு மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கிறது. அண்ணனுக்குப் பூமியில் எங்காவது இடம் இருக்கிறதா, இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது. நான் சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதெல்லாம் என் கண் தானாக ஆண்களின் பின்கழுத்தைத் தேடும். ஒருமுறை, ஒரு தோளைச் சாய்த்து அவன் மாதிரியே நடந்த ஒருவன் பின்னாலேயே மார்க்கெட் வரைக்கும் போய்விட்டேன். அவன் திரும்பி, "ஏனுங்க, என்ன வேணுங்க?" என்றான். அவனுக்கு வயது இருபதுதான் இருக்கும். என் அண்ணன் உயிரோடு இருந்தால் தலை நரைத்திருக்கும் என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

எங்கள் கோயிலில் நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். முதல் நாளே கல்லறைகளைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மறுநாள் பொழுது சாயும்போது மெழுகுவத்தி ஏற்றுவோம். வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்களுக்கும், உடல் கிடைக்காமல் போனவர்களுக்கும் தோட்டத்தின் நடுவிலிருக்கிற பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவது வழக்கம். அம்மா அந்தச் சிலுவைப் பக்கமே போகமாட்டாள். வாசலிலிருந்து அப்பா கல்லறைக்கு நேர்வழி சிலுவையைத் தாண்டித்தான். அவளோ மதில் ஓரமாக, முள்ளையும் சகதியையும் மிதித்துக்கொண்டு சுற்றி வருவாள்.

எனக்கு ஆத்திரம் வரும். "ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு நிம்மதியா இரும்மா. எத்தனை வருசம் இப்படியே இருக்கறது?" என்று வருடா வருடம் நச்சரிப்பேன்.

"ஏத்திட்டா அவன் செத்துட்டான்னு ஆயிரும். பெத்தவ நானே அவனைச் சாகடிக்கணுமா?" என்பாள்.

இப்படியே சில வருடங்கள் போனபிறகுதான் அந்த இருவர் விண்வெளி நிலையத்துக்குப் போனார்கள். ஒரு பெண், ஒரு ஆண். ஒரு வாரம் போல இருந்துவிட்டு இறங்குவதாகத்தான் ஏற்பாடு. போன வண்டியில் கோளாறு என்று வண்டியை மட்டும் காலியாக இறக்கிவிட்டு, அவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மாதங்கள் போயின. டிவியில் அந்தச் செய்தி வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். நிலையம் கடக்கிற சாயங்காலங்களில் எனக்கு முன்னால் வாசலுக்குப் போய்விடுவாள். அந்தப் பெண்ணின் தலைமுடி எண்ணெய் காணாமல் பரட்டையாக நிற்கிறதே என்று அவளுக்குக் கவலை. அங்கே எடையே இல்லாததால் முடி அப்படித்தான் மிதக்கும் என்றேன். "பின்னிவுட ஆளில்ல, அதைச் சொல்லு" என்றாள்.

ஒரு ஞாயிறு பூசைக்கு முன்னால், மன்றாட்டு வாசிக்கிறவரிடம் போய் என்னமோ சொல்லிவிட்டு வந்தாள். பூசையில் அவர் கணீரென்று வாசித்தார்: "தூர தேசத்தில் சிக்கியிருக்கும் இருவர் பத்திரமாக வீடு வந்து சேர மன்றாடுவோம்." கேட்டுக்கொண்டது யார் என்று சொல்ல, அம்மாவின் பேரையும் சேர்த்து வாசித்துவிட்டார்.

பூசை முடிந்ததும் வாசலில் அம்மாவைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். பையன் கிடைத்துவிட்டான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். இருவர் என்றதால் கல்யாணமும் ஆகிவிட்டது. "மருமவ எந்த ஊருங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆண்டவர் கண்ணைத் தொறந்துட்டாருங்க" என்று இன்னொருத்தி அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடுவதற்குள் அம்மா மறுத்திருக்க வேண்டும். அவள் மறுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்தபடி, புதுப்பெண்ணின் மாமியார் மாதிரி கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். "கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு கண்ணு" என்றாள் அம்மா.

பங்குனி வெயில் தொடங்கிய சமயத்தில் அவர்கள் இறங்கிவிட்டார்கள். காலையில் டிவியைப் போட்டதும் அதே காட்சிதான் திரும்பத் திரும்ப ஓடியது. பெரிய பெரிய குடைகளில் தொங்கிக்கொண்டு கடலில் வந்து விழுந்தது கூண்டு. சுற்றிலும் டால்பின்கள் வந்து பார்த்தன. கதவைத் திறந்து ஒவ்வொருவராகப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். காலுக்குத் தரை பழக நாளாகும் என்றார் செய்தி வாசிப்பவர். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கிணற்றடியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பார்த்தாள். "இவிங்க எங்க இருக்காங்கன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிருந்துச்சு" என்றாள். பிறகு, "எனக்குத் தொணையா இருந்தாங்க. இனிமே நான் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். துவைக்கிற கல்லில் துணி அடிபடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வானத்தைப் பார்க்கவில்லை. சில மாதங்களில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் அதே நிலையத்துக்குப் போனார். ஊரெல்லாம் அதே பேச்சு. "வாம்மா, இன்னிக்கு நம்மாளு போறாரு, பாரு" என்று கூப்பிட்டேன். "நீ பாரு சாமி" என்று உள்ளேயே இருந்துவிட்டாள். நான் தனியாக நின்று பார்த்தேன். அந்த வெளிச்சம் நடுவானத்தில் மங்கியபோது, பக்கத்தில் கேள்வி கேட்க ஆளில்லாமல் எனக்குப் பயமாக இருந்தது.

நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாளன்று பொழுது சாய்வதற்கு முன்பே மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மனிதர்கள் இல்லை, மெழுகுவத்திச் சுடர்கள் மட்டும் தெரிந்தன. அப்பா கல்லறையில் ஏற்றி முடிக்கும்போது என் போன் சத்தமிட்டது, நிலையம் கடக்கிற நேரம் என்று. மேகத்துக்கு மேலே எங்களைத் தாண்டி யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா என்னவென்று கேட்கக்கூட இல்லை. பையிலிருந்து இன்னொரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய சிலுவையை நோக்கி நடந்தாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். சிலுவையடியில் நின்று மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் என் கையில் கொடுத்தாள். "நீ பத்த வெய்யி கண்ணு. நீதான வருசா வருசம் சொல்லிட்டிருந்த."

ஒரு குச்சியை உரசினேன். அது விரல் வரைக்கும் எரிந்து சுட்டது, கீழே போட்டேன். இன்னொன்றை உரசினேன். அதைத் திரிக்குக் கொண்டுபோக என் கை வரவில்லை. அந்தப் பின்கழுத்து, அந்தச் சாய்ந்த தோள், எல்லாம் மேகத்துக்குள்ளிருந்து வந்து என் முன்னால் நின்றன.

"காத்து அடிக்குதும்மா" என்றேன்.

சுற்றிலும் அத்தனை சுடர்களும் ஆடாமல் நேராக எரிந்துகொண்டிருந்தன. "காத்தே இல்லையே சாமி" என்று சொல்லி, அம்மா என்னிடமிருந்து தீப்பெட்டியை வாங்கினாள்.

"வேண்டாம்மா. இன்னும் ஒரு வருசம் பாக்கலாம். ஒரே ஒரு வருசம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மா என் கையை மெதுவாக விலக்கினாள். அவன் பேரை ஒரு தடவை சொன்னாள். பிறகு குச்சியை உரசித் திரியில் வைத்தாள்.