ஏகாம்பரம் வீட்டு மறு செட் அட்டை

ஜக்கார்டு பெட்டி மாட்டிக் கொடுக்கிற தொழிலில் மெஷினால் வரும் தொல்லை கொஞ்சம்தான். மெஷினைச் சுற்றி நிற்பவர்களால் வருவதுதான் அதிகம். வீடு வீடாகப் போய் எதையாவது பொருத்திக் கொடுத்துப் பிழைத்தவர்களே, நீங்களே சொல்லுங்கள், நான் சொல்வது பொய்யா? எழுபதுகளில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஸ்பானரும் கையுமாகச் சைக்கிளில் சுற்றினேன். அந்த நாட்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே ஏக்கமும் வருகிறது. நெசவாளர் ஏகாம்பரம் வீட்டு வேலையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கூரை

ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்கார வேண்டும். ஓட்டை குத்திய கெட்டி அட்டைகளைக் கயிற்றில் கோத்து அதில் மாட்டுவோம். மிதியை மிதிக்க மிதிக்க அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பும். டிசைன் தானாகச் சேலையில் விழும். பட்டுக்கடை முதலாளி ஒருவர் ஏகாம்பரத்தை நம்பி ஒரு பெட்டி கொடுத்திருந்தார். கல்யாணப் பெண் ஒருத்தியின் முகூர்த்தச் சேலையை நாள் தவறாமல் நெய்து கொடுத்தால் பெட்டி அந்த வீட்டிலேயே நிற்கும். தவறினால் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

பெட்டியின் உயரத்துக்குக் கூரை போதவில்லை. ஓடுகளைப் பிரித்துக் கூரையைத் தூக்கிக் கட்ட வேண்டும் என்றேன். ஏகாம்பரம் உடனே சரி என்றார். அவர் மனைவி சரோஜா அண்ணாந்து பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடுப்பாங்கரைக்கு ஒரு ஜன்னல் வைய்யான்னு கேட்டுக்கினு இருக்கேன். அதுக்கு வராத மனசு இந்தப் பெட்டிக்கு வந்துடுச்சு பாரு!"

தலைகீழ் அன்னம்

ஒத்திகைக்காகக் கொஞ்சம் நெய்யச் சொன்னேன். பார்டரில் அன்னங்கள் வரிசையாக, லட்சணமாக வந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏகாம்பரம் அட்டைகளை எல்லாம் இறக்கித் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, திரும்ப மாட்டியிருக்கிறார். ஆனால் வரிசையைக் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பி மாட்டி, மேற்கொண்டு நெய்தும்விட்டார். நான் போய்ப் பார்த்தால் புதிதாக நெய்த அத்தனை அன்னமும் தலைகீழாகக் கிடக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னைக் கேட்காமல் ஏன் கழற்றினீர்கள்?" என்று கத்தினேன்.

மனுஷர் அசரவில்லை. நெய்த பட்டுத் துணியை மெதுவாகத் தடவிக்கொண்டே சொன்னார்: "கத்தாதபா. நீ அந்தப் பக்கமாப் போய் நின்னு பாரு, நேராத்தான் இருக்குது."

இரண்டாவது செட்

நான் எந்த வீட்டில் பெட்டி மாட்டினாலும் ஒரே டிசைனுக்கு இரண்டு செட் அட்டை கொடுப்பேன். ஒன்று கெட்டுப்போனால் பெங்களூருக்கு ஆள் அனுப்பிப் புதிதாகக் குத்தி வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மறு செட்டை வேறு யார் வீட்டிலாவது வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஏகாம்பரம் கேட்டால்தானே? அதைத் தகர டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

"இன்னொரு வூட்லயா? நாளைக்கே எதிர்வூட்டுத் தறியில என் அன்னம் நீந்தும்பா!"

எலி

சேலை பாதி ஏறியிருந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. காலையில் ஏகாம்பரம் ஆள் அனுப்பினார். ஓடிப் போய்ப் பார்த்தால், தறியில் தொங்கிய அட்டைகளை எலி குதறிப் போட்டிருந்தது. ஏகாம்பரம் மட்டும் ஜம்பமாக டிரங்கைத் திறந்தார். அடித் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, எலி அங்கேயும் குடித்தனம் நடத்தியிருந்தது. அவருடைய கல்யாண வேட்டி கந்தலாகிக் கிடந்தது. அட்டை ஒன்றுகூட இல்லை. மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் சரோஜா வாயைத் திறந்தார். பக்கத்து ஊரான முசரவாக்கத்தில் அவருடைய அண்ணன் எப்படியோ ஒரு ஜக்கார்டு பெட்டி வாங்கிவிட்டு, அட்டைக்கு வழியில்லாமல் இருந்தாராம். புருஷன் குளிக்கப் போகும்போது சாவியை ஆணியில் மாட்டுவார். அந்த நேரம் பார்த்து மறு செட்டை எடுத்து அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாராம்.

ஏகாம்பரம் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு முசரவாக்கத்துக்குப் பறந்தேன். எலிப்பல் படாத அட்டைகளோடு திரும்பி வந்து மாட்டும்போதும் அவர் திட்டி முடிக்கவில்லை. சரோஜா நூல் சுற்றிக்கொண்டே, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்: "திட்றதுன்னா சேலையை நெஞ்சு முடிச்சு, தறியிலேர்ந்து அறுத்துக் குடுத்துட்டு நிதானமாத் திட்டுய்யா. நான் எங்கயும் போயிடப் போறதில்ல."

சேலை நாளுக்குள் போய்ச் சேர்ந்தது, பெட்டியும் அந்த வீட்டிலேயே நின்றது. அதற்குப் பிறகு நான் பெட்டி மாட்டிய எந்த வீட்டிலும், மறு செட்டை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டுக்காரம்மாவுக்குப் பிறந்த வீடு எந்த ஊர் என்று மட்டும் விசாரித்துக்கொண்டேன்.