பக்கக் கண்ணாடியை மடக்கி வைத்தவர்

ஒரு கால்பந்து அணியை உயிராக நினைக்கிற மனிதர், பத்தொன்பது வருடம் மைதானத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு, ஒரு ஆட்டத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் இருப்பாரா? அப்படி இருந்தால் அதற்கு என்ன பெயர் சொல்வது? கிழக்கு மேடையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நாட்களில் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் பேந்தப் பேந்த விழித்திருப்பேன். அவரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். முகம்தான் தெரியாது. முதுகு தெரியும்.

அவர் ஆம்புலன்ஸ் டிரைவர். ஆட்டம் நடக்கிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மைதானத்தின் வடக்கு வாசலுக்குள் ஒரு ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்பது லீக் விதி. அவசரம் என்றால் உடனே கிளம்ப வசதியாக வண்டியின் மூக்கு சாலையைப் பார்த்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இந்த இரண்டாவது விதிதான் அவருக்கு வரமாக அமைந்தது. சீட்டில் உட்கார்ந்தால் எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டயர் கடை. மைதானம் முழுக்க முதுகுக்குப் பின்னால். அதுவும் போதாதென்று வண்டியை நிறுத்தியதும் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கி வைத்துவிடுவார். உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடியில் ஒரு துண்டு தொங்கும்.

காரணம் அவருடைய ராசி.

அவரும் ஒரு காலத்தில் மற்றவர்களைப் போலத் தகர மேடையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்தான். பச்சைச் சட்டை அணி அப்போதும் ஒன்றும் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. ஒரு வருடம் டியூட்டி மாறி மாறி வந்ததால் சில ஆட்டங்களுக்குப் போனார், சிலவற்றுக்குப் போகவில்லை. பணிமனையில் தேநீர் குடிக்கும்போது இன்னொரு டிரைவர் விளையாட்டாக, “நீங்க போற அன்னைக்குத்தான் தோக்குறாங்க, கவனிச்சீங்களா?” என்று கேட்டார். கேட்டவர் அதை அன்று சாயங்காலமே மறந்துவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து சமையலறை காலண்டரைக் கழற்றித் தரையில் விரித்து உட்கார்ந்தார். பார்த்த பன்னிரண்டு ஆட்டங்களில் பதினொன்று தோல்வி, ஒன்று டிரா. பார்க்காத ஏழில் ஐந்து வெற்றி. அன்றைக்கு முடிவு செய்தார். இனி இந்தக் கண்ணால் பச்சைச் சட்டையைப் பார்ப்பதில்லை.

பார்க்கக் கூடாது, சரி. போகாமல் இருக்க முடிந்ததா? அதுவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதான டியூட்டியை யாரும் விரும்ப மாட்டார்கள். இவர் போய் நானே நிரந்தரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி இவரை நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டார்.

வாசல் காவலாளிக்கு இவரைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு. “ராசிக்காரரே, உங்க கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா எதிரணிச் சட்டையைப் போட்டுக்கிட்டு உள்ள போங்க. அவங்க தோக்கட்டும்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இவர் மட்டும் அதை இரண்டு நாள் யோசித்தார் என்று அவர் மனைவி சொன்னார். மனசு ஒப்பவில்லையாம். அவர் பார்க்காமலேயும்தான் அணி வாரா வாரம் தோற்றதே என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார்: “நான் பார்த்திருந்தா இன்னும் ரெண்டு கூட வாங்கியிருப்பாங்க.”

அவருக்கு ஒரே மகள். இது தொடங்கியபோது அவளுக்கு ஏழு வயது. அவர் வருடா வருடம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் எடுப்பார். அம்மாவும் மகளும் போவார்கள். அம்மாவுக்குப் பந்து உருண்டை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பாதி நேரம் தூங்குவார். மகள் ஒன்றுவிடாமல் பார்ப்பாள். இடைவேளையில் ஓடி வந்து ஆம்புலன்ஸின் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். டாஷ்போர்டின் மேல் கட்டுத்துணிச் சுருள்களை ஒரு வரிசையாக வைப்பாள், மருந்துப் பாட்டில் மூடிகளை எதிரே வைப்பாள். “இது நம்ம ரெண்டு பேர், இது அவங்க ஆளு, இப்படி வந்தான், இவரு வழுக்கிட்டாரு” என்று நகர்த்திக் காட்டுவாள். கத்தரிக்கோல்தான் கோல்கீப்பர். அவர் கண் கொட்டாமல் பார்ப்பார். அவர் பார்த்த கால்பந்து அவ்வளவுதான்.

மீதியைக் காது பார்த்துக்கொண்டது. நம் பக்கம் கோல் போட்டால் தகர மேடையில் ஆயிரம் கால்கள் இடிக்கும், வண்டியின் கதவே அதிரும். எதிரணி போட்டால் முதலில் ஒன்றுமே கேட்காது. பிறகு தெற்கு மூலையிலிருந்து மட்டும் ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சின்னச் சத்தத்தை அவர் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவார். கடைசி ஏழு வருடமாக இருந்த கோல்கீப்பரின் குரலும் அவருக்கு மனப்பாடம். “இடது, இடது, தூங்காதீங்கடா” என்று ஆட்டம் முழுக்கத் தன் ஆட்களைத் திட்டிக்கொண்டே இருக்கும் ஒரு கரகரத்த குரல். முகத்தை அவர் போஸ்டரில்கூடப் பார்த்ததில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மாவால் மேடைப் படி ஏற முடியவில்லை, முழங்கால் வலி. அதற்குப் பிறகு மகள் தனியாகப் போனாள். பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொள்வாள். யாராவது உட்காரலாமா என்று கேட்டால், ஆள் வருது என்பாள்.

அவளுடைய பதினான்காவது வயதில் ஒரு அதிசயம் நடந்தது. மூன்று கோல் பின்தங்கியிருந்த அணி நான்கு கோல் போட்டு ஜெயித்தது. கடைசிக் கோலுக்கு வண்டியே குதித்தது. மகள் மூச்சு வாங்க ஓடி வந்தபோது அவர் ஸ்டியரிங்கின் மேல் தலை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

“நீங்க உள்ள இருந்திருக்கணும்ப்பா” என்றாள்.

“இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்களாம்மா?”

அன்றைக்கு அவள் கட்டுத்துணிச் சுருள்களை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவரை உள்ளே வரச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

போன வருடம் அணியின் நிலைமை படுமோசம். கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் கலைத்துவிடுவோம் என்று அணியை நடத்திய கம்பெனி பத்திரிகையிலேயே சொல்லிவிட்டது. எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. டிரா செய்தால் போதும், தப்பித்துவிடலாம். தோற்றால் எழுபது வருட அணி அன்றோடு சரி.

அன்று அவர் வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார். கண்ணாடிகளை மடக்கினார். மடக்கியது சரியாக இருக்கிறதா என்று இறங்கிப் போய் மறுபடியும் பார்த்தார். மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது, பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் வேலை. அவளும் வந்திருந்தாள், பையோடு, தன் இருக்கையில்.

முதல் பாதியில் கதவு அதிர்ந்தது. ஒன்று பூஜ்யம். இரண்டாம் பாதியில் இருபத்தைந்து நிமிடம் வரை அப்படியே போனது. பிறகு மேடை முழுவதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு, பல வருடமாகக் கேட்டுப் பழகிய அந்தக் கரகரத்த குரல். இந்த முறை அது யாரையும் திட்டவில்லை. அலறியது.

அடிபட்டவர்களை அதுவரை உள்ளேயிருக்கும் ஆட்களே தூக்கி வந்து வண்டியில் ஏற்றுவார்கள். அவர் கதவைத் திறந்துவிட்டுத் தரையைப் பார்த்து நின்றால் போதும். அன்றைக்கு அவருடைய உதவியாளர் மைதானத்துக்குள்ளிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். “அண்ணே, கால் ரெண்டா போயிருக்கு. இங்கேயே கட்டணும். காலுக்குக் கட்டுற பெரிய சட்டத்தை எடுத்துக்கிட்டு வாங்க, தூக்கவும் ஆள் வேணும்.”

அவர் தயங்கவில்லை. இதை அவருடைய உதவியாளரும் காவலாளியும் அடித்துச் சொல்கிறார்கள். சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். கண் மட்டும் தன் செருப்பை விட்டு நகரவில்லை. மகள் சொல்லிச் சொல்லி அவர் மனதில் இருந்த புல் அடர்த்தியாக இருந்தது. கோல் முன்னால் இருந்தது வெறும் மண். அதில் ஒருவர் கிடந்தார், மொட்டைத் தலை, முப்பத்தைந்து வயதிருக்கும். வாயைத் திறந்து முனகியபோதுதான் அந்தக் கரகரத்த குரலுக்குச் சொந்தக்காரர் இவர்தான் என்று தெரிந்தது.

காலைக் கட்டினார்கள். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை டிரைவர் பிடித்தார். மூட்டை தூக்குகிறவன் வழியைப் பார்த்துத்தானே நடக்க வேண்டும். நிமிர்ந்தார். பத்தொன்பது வருடம் பார்க்காதது எல்லாம் ஒரே அடியாகக் கண்ணுக்குள் வந்து விழுந்தது. தகர மேடை, பச்சைத் துணிகள், ஒன்று பூஜ்யம் என்று காட்டிய பலகை, எழுந்து நின்ற ஜனங்கள், அவர்களுக்கு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு அவர் மகள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு இருக்கை. அதில் ஒரு பை.

வண்டி வாசலைத் தாண்டி டயர் கடையைக் கடக்கும்போதே பின்னால் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. சைரனையும் மீறி அவருக்கு அது கேட்டது. உதவியாளருக்குக் கேட்கவில்லை.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நடைபாதையில் வரிசை. உதவியாளர் பதிவு செய்யப் போயிருந்தார். ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் டிரைவர் நின்றார். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் கோல்கீப்பரின் பேச்சு சற்றுக் குழறியது. “என்னண்ணே ஆச்சு? முடிஞ்சிருக்குமே.”

மகளின் செய்தி போனில் வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. “ஒண்ணு ரெண்டு” என்றார் டிரைவர்.

கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். சுவரில் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இவர் உடைந்தார். தன்னுடைய ராசியைச் சொன்னார், காலண்டரைச் சொன்னார், மடக்கி வைத்த கண்ணாடியைச் சொன்னார். இன்றைக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டேன், என்னால்தான் போச்சு, மன்னித்துவிடுங்கள் என்று ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கோல்கீப்பர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் டிரைவர் நினைத்தார்.

“அண்ணே, இந்த வருஷம் ஐம்பத்தெட்டு கோல் விட்டேன். ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் போச்சுன்னு இப்பக்கூடச் சொல்வேன். வலது பக்கம் தரையோட வந்தா எனக்கு உடம்பு லேட்டாத்தான் விழும். அதுக்குன்னு தினம் சாயங்காலம் தனியா நின்னு விழுந்து விழுந்து பார்த்தேன். முடியல. வயசாயிடுச்சு. அதெல்லாம் நீங்க விட்டதுங்கிறீங்களா?”

டிரைவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

“ஜெயிச்சது எங்களுக்குக் கொஞ்சம்தான். தோத்ததாவது எங்களோடதா இருக்கட்டும்ணே. அதையும் பிடுங்கிக்காதீங்க.”

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். காலில் வலி இழுத்ததால் பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் கேட்டார்: “பத்தொன்பது வருஷத்துல ஒண்ணுகூடவா பாக்கல? அந்த நாலு கோல் ஆட்டத்தைக்கூடவா?” அப்போது அவர் இந்த அணியில் இல்லை. ஊரெல்லாம் பேசியதைக் கேட்டவர்தான். “வாசல்லயே இருந்துக்கிட்டா?”

உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

தன்னால் தோற்கவில்லை என்று தெரிந்தால் ஒரு மனிதருக்கு நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? அவருக்கு அன்றிலிருந்து ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு, “பத்தொன்பது வருஷம் சும்மாவே முதுகைக் காட்டிக்கிட்டு நின்னிருக்கேன்” என்று மட்டும் சொன்னாராம். அணியைக் கலைத்த செய்தி பத்தாவது நாள் வந்தது. மைதானத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு, அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வடக்கு வாசலுக்கு வந்தார். காவலாளி எதுவும் கிண்டல் பேசாமல் பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே கோல் கம்பங்களைப் பிடுங்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு குழிகள். மகள் முன்னால் ஏறிப்போய், பழக்கத்தில் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் வந்து நின்றார். அவள் ஒரு கணம் பையைப் பார்த்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார். குழிகளையும் மண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இவ்வளவு பக்கத்துலயாம்மா இருந்தாங்க?”

“ஆமாப்பா. அவங்க மூச்சு வாங்குறதுகூடக் கேக்கும்.”

முழுதாக நாற்பத்தைந்து நிமிடம் இரண்டு பேரும் வெறும் மைதானத்தைப் பார்த்தார்கள். இடைவேளை நேரம் ஆனதும் அவர் எழுந்துகொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

இதில் பாதி அவர் மகளும் மற்றவர்களும் சொன்னது, மீதி அவரே சொன்னது. எழுதலாமா என்று கேட்டேன். எழுது, ஆனால் நாலு பேருக்குப் போய்ச் சேருகிற மாதிரி எழுது என்றார். அதனால் கேட்கிறேன். தான் பக்கத்தில் இருந்தால் கெட்டுப்போகும் என்று பயந்து, மனசுக்குப் பிடித்த ஒன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலை செய்யும் இடத்திலோ யாராவது இருந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். ஆட்டம் மிச்சமிருக்கும்போதே சொல்லுங்கள்.